கத்திரியில் செம்பேனை வளர்ப்பது யார்?

(அணைக்கட்டு வட்டாரத்தில் உழவர்களும் வேளாண் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சற்றுச் சுருக்கப்பட்டது.)



ஆம்பூர் பிரியாணியின் புகழ் கடல் கடந்து போய்விட்டது. அந்தத் தட்டின் ஓரத்தில் புளியும் எண்ணெயும் மினுங்க உட்கார்ந்திருக்கிற கத்திரிக்காயைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. 2023-ல் வேலூர் முள்ளு கத்திரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோதுதான் பத்திரிகைகள் இலவம்பாடி எங்கே இருக்கிறது என்று தேடின. நமக்கு அது புதிய செய்தியில்லை. காம்பிலும் இலையிலும் முள் இருக்கிறது என்பது பறித்த கைகளுக்குத் தெரியும். ஆனால் குறியீடு பெயரைத்தான் காக்கும். பங்குனி வெயில் ஏறியதும் இலை வெளுத்து, அடியில் நூலாம்படை கட்டி, செடி சாம்பல் பூசினாற்போல் நிற்கிறதே, அதற்கு எந்தச் சான்றிதழும் உதவாது.

அந்த நேரத்தில் என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "செம்பேனுக்கு எந்த மருந்து சார் கேக்கும்?" நான் திருப்பிக் கேட்பேன்: "அதுக்கு முன்னாடி என்ன மருந்து அடிச்சீங்க?" சிலருக்குக் கோபம் வரும். வைத்தியம் கேட்டு வந்தவனிடம் விசாரணையா என்று. இன்றைய பேச்சு முழுவதும் அந்த எதிர்க்கேள்விக்கான விளக்கம்தான்.

முதலில் ஆளை அடையாளம் காண்போம். செம்பேன் பூச்சி இனமில்லை. பூச்சிக்கு ஆறு கால்; இதற்கு எட்டு. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுக்கு மட்டும் ஆறு கால் இருக்கும், தோல் உரித்ததும் எட்டாகிவிடும். சிலந்தி, தேள், உண்ணி ஆகியவைதான் இதன் உறவினர். உடல் அரை மில்லிமீட்டர். இலையின் அடிப்பக்கம் உட்கார்ந்து ஊசி போன்ற வாயால் ஒவ்வொரு செல்லாகக் குத்திப் பச்சையத்தை உறிஞ்சும். மேல்பக்கத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். புள்ளிகள் ஒன்றுசேர்ந்து இலை வெளுக்கும், பின் தாமிர நிறமாகும், பின் உதிரும். நல்ல வெயிலில் முட்டையிலிருந்து முழுப்பேன் ஆக ஏழெட்டு நாள் போதும். ஒரு பெண் பேன் நூறு முட்டை வரை இடும். ஆண் துணை கிடைக்காத பெண்ணும் முட்டையிடும்; அந்த முட்டைகளெல்லாம் ஆணாகப் பிறக்கும். அதாவது ஒரே ஒரு பெண் காற்றில் பறந்து உங்கள் வயலில் விழுந்தாலே ஒரு குடும்பம் தொடங்கிவிடும்.

உலகம் முழுக்கப் பரவியிருக்கும் இரட்டைப்புள்ளிச் சிலந்திப்பேன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செடி வகைகளைத் தின்னும். கத்திரி, வெண்டை, மல்லி, ரோஜா, மரவள்ளி என்று பேதம் பார்ப்பதில்லை. 2011-ல் இதன் மரபுத்தொகுதியை முழுமையாகப் படித்து வெளியிட்டார்கள். நஞ்சை உடைத்துச் செரிக்கிற மரபணுக்கள் அதில் நிறையக் கிடந்தன. செடிகள் தம்மைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் நஞ்சுகளைக் காலங்காலமாகத் தின்று பழகிய உயிர் அது. கடையில் வாங்குகிற மருந்து அதற்குப் பெரிய புதுமையில்லை. தொண்ணூறுக்கும் மேற்பட்ட மருந்துகளுக்கு இது எதிர்ப்புச் சக்தி பெற்றிருப்பதாகப் பதிவுகள் உள்ளன. எந்த மருந்து கேக்கும் என்று தேடுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய எண்ணிக்கை இது.

இனி எதிர்க்கேள்விக்கு வருகிறேன்.

கத்திரிக்காரருக்கு உண்மையான பயம் செம்பேன் மீது இல்லை. தண்டையும் காயையும் துளைக்கிற புழு மீதுதான். காய் சொத்தையானால் வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் மூட்டையைப் பிரித்துப் பார்த்ததும் விலை சரியும். அதனால் நட்ட மூன்றாம் வாரத்திலிருந்தே வாரம் ஒரு அடி, சில இடங்களில் இரண்டு. பெரும்பாலும் சைபர்மெத்ரின், லேம்ப்டா சைகலோத்ரின் போன்ற பைரித்திராய்டு வகை, அல்லது அவற்றைக் கலந்த கூட்டு மருந்து. இவை புழுவைக் கொல்லும் என்ற நம்பிக்கையில் அடிக்கிறோம். புழு காய்க்குள் பத்திரமாக இருக்கிறது. இலையின் மேல் ஓடியாடிச் செம்பேனைத் தின்கிற பொறிவண்டும் இரைவிழுங்கிப் பேனும்தான் முதலில் சாகின்றன. செம்பேன் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. கூடவே, மருந்து பட்ட இலையை விட்டு விலகி நூல் விட்டுப் பக்கத்துச் செடிக்கும் பரவுகிறது. காவல் இல்லாத வயலில் பத்தே நாளில் ஒரு தலைமுறை. மூன்றாவது தலைமுறையில் நீங்கள் என்னிடம் வருகிறீர்கள்.

இது உலகெங்கும் நடந்த கதை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. வயலுக்கும் தோட்டத்துக்கும் வந்தபோதுதான், அதுவரை சில்லறைத் தொல்லையாக இருந்த சிலந்திப்பேன்கள் ஆப்பிள் தோட்டங்களிலும் பருத்தியிலும் பெரும்பகையாக எழுந்தன. சமீபத்து உதாரணம் நியூயார்க் நகரத்தில் இருக்கிறது. அங்கே சென்ட்ரல் பூங்காவில் எல்ம் மரங்களை, மரம் துளைக்கும் ஒரு வண்டிலிருந்து காக்க இமிடாகுளோபிரிட் கொடுத்தார்கள். வண்டுக்காகக் கொடுத்த மருந்தால் மரங்களில் சிலந்திப்பேன் மூண்டது. ஆராய்ந்தபோது இரண்டு காரணங்கள் தெரிந்தன: பேனைத் தின்னும் பூச்சிகள் பாதிக்கப்பட்டிருந்தன, மருந்து ஏறிய இலையைத் தின்ற பேன்கள் வழக்கத்தைவிட அதிக முட்டை இட்டன. நம் பக்கம் வெள்ளை ஈக்கும் தத்துப்பூச்சிக்கும் அடிக்கிற அதே மருந்துதான். பெயர் சொன்னால் உங்களில் பாதிப்பேர் வீட்டுப் பரணில் டப்பா இருக்கும்.

இடையில் ஒன்று. மரபணு மாற்றிய பி.டி. கத்திரி வந்திருந்தால் இந்தத் தொல்லை இல்லையே என்று சிலர் சொல்வார்கள். 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதை நிறுத்திவைத்தது சரியா தவறா என்ற சண்டைக்குள் நான் நுழையவில்லை. அதுவும் துளைப்பான் புழுவுக்கான ரகம்தான். செம்பேனை நேரடியாக ஒன்றும் செய்யாது.

இந்தத் தோல் தொழில் வட்டாரத்துக்கென்று, அதாவது வாலாஜா முதல் வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டிய நம் பகுதிக்கென்று, தனிச் சிக்கல்கள் உண்டு. அவற்றைச் சொல்லாமல் கோயம்புத்தூரில் அச்சடித்த துண்டுப் பிரசுரத்தை இங்கே வாசித்துவிட்டுப் போனால் பயனில்லை.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். தோலைப் பதப்படுத்துமுன் கெடாமல் இருக்க உப்புப் போடுகிறார்கள். அந்த உப்பு கழுவப்பட்டு எங்கே போயிற்று என்பதற்கு நம் கிணறுகளே சாட்சி. உச்ச நீதிமன்றம் 1996-ல் தந்த தீர்ப்பில், வேலூரில் இருந்த வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் கணக்கு மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது: தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது. உப்புநீர் பாய்ந்த மண்ணில் ஈரம் இருந்தும் செடிக்குத் தாகம் தீராது. தாகத்தில் வாடுகிற செடி செம்பேனுக்கு வாய்ப்பான செடி. அதே நிலத்தில் செடி சோர்கிறதே என்று யூரியாவை அள்ளிப் போட்டால் இலை கொழுக்கும், பேனும் கொழுக்கும்.

தூசியும் அப்படித்தான். நெடுஞ்சாலை ஓரத்து வயலிலும், கல் குவாரி லாரி போகிற மண்பாதை ஓரத்திலும் முதல் நாலு பாத்தியில் செம்பேன் தொடங்குவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தூசி படிந்த இலையில் நன்மை செய்யும் பூச்சிகள் தேடி ஓட முடியாது. பேனோ நூல் கூட்டுக்குள் சுகமாக இருக்கும்.

மூன்றாவது காரணத்தை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை. அது ஷூ கம்பெனி பஸ். காலை ஆறரைக்கு நம் கிராமங்களுக்குள் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஆம்பூருக்கும் ராணிப்பேட்டைக்கும் போகிறது. மாதச் சம்பளம், பி.எஃப்.; போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். களை எடுக்கவும் காய் பறிக்கவும் குனிந்தவர்கள்தான் இலையைத் திருப்பிப் பார்த்தவர்கள். "இந்தச் செடியில ஏதோ வெள்ளையா இருக்குதுக்கா" என்ற முதல் தகவல் அவர்களிடமிருந்துதான் வந்துகொண்டிருந்தது. இப்போது ஆள் இல்லை. டேங்க் கணக்கில் கூலி பேசி விசைத்தெளிப்பானோடு ஒரு பையன் வருகிறான். வயலில் என்ன இருக்கிறது என்று அவன் பார்க்கப்போவதில்லை. நாள் பார்த்து அடிக்கிறான், ஆளைப் பார்த்து அல்ல. தோல் தொழில் நம் தண்ணீரை என்ன செய்தது என்று நிறையப் பேசியாகிவிட்டது. வயலில் இருந்த கண்களை அது எடுத்துக்கொண்டதைப் பற்றி இன்னும் நாம் பேசத் தொடங்கவில்லை.

அந்தத் தீர்ப்பைப் பற்றிச் சொன்னேனே, அதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் போட்ட வழக்கு அது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. கெடுதல் நடந்ததை ஊரார் நிரூபிக்க வேண்டியதில்லை. தன் செயலால் கெடுதல் இல்லை என்பதைச் செய்கிறவர்தான் காட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்துக்குள் அழுத்தமாக நுழைந்தது நம் பாலாற்றங்கரை வழக்கில்தான். சட்டக் கல்லூரிகளில் வேலூர் வழக்கு என்றே பாடம் நடக்கிறது. தோல் முதலாளியிடம் நாம் கேட்ட அதே கேள்வியை மருந்து டேங்கைத் தோளில் மாட்டுமுன் ஏன் கேட்கக்கூடாது? இந்த அடி தேவை என்பதை இந்த அடிதான் நிரூபிக்கட்டும். இலையில் ஆதாரம் இல்லையென்றால் டேங்க் கொட்டகையிலேயே இருக்கட்டும்.

சரி, காவல்காரர்கள் யார்?

என் கணக்கில் முதல் மரியாதை நியோசியுலஸ் லாங்கிஸ்பைனோசஸ் என்ற இரைவிழுங்கிப் பேனுக்கு. பெயர் வாயில் நுழையாது, பரவாயில்லை. நம் நாட்டில் இயல்பாகவே இருப்பது, வெயிலுக்குப் பழகியது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள், ஒரு மருந்து டப்பா விலைகூட ஆகாது. இலையின் அடியில் பாருங்கள். உடலில் இரண்டு கரும்புள்ளியோடு, அல்லது செங்கல் நிறத்தில், நின்ற இடத்தில் மேய்ந்துகொண்டிருப்பது செம்பேன். பேரிக்காய் வடிவில், பளபளப்பாக, கால் நீண்டு, லென்சுக்கடியில் நில்லாமல் ஓடுவது நம் ஆள். மேய்கிறது மாடு, ஓடுகிறது நாய் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். செம்பேன் முட்டைகள் அதற்கு மிகவும் பிடிக்கும். முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்கு அது எடுத்துக்கொள்ளும் நாள் செம்பேனைவிடக் குறைவு. அதனால்தான் சின்ன எண்ணிக்கையில் தொடங்கினாலும் எட்டிப் பிடித்துவிடும், நாம் குறுக்கே புகாமல் இருந்தால்.

அடுத்து ஸ்டெத்தோரஸ் என்ற பொறிவண்டு. ஆரஞ்சு நிறத்தில் புள்ளி வைத்த பொறிவண்டைத் தேடாதீர்கள். இது கடுகைவிடச் சின்னது, முழுக் கறுப்பு. பேன் கூட்டமாகச் சேர்ந்த இடத்தைத் தேடி வந்து இறங்கும். வண்டும் தின்னும், அதன் புழுவும் தின்னும். பேன் குறைந்ததும் வேறு வயலுக்குப் போய்விடும். தேவைப்படும்போது வந்து, வேலை முடிந்ததும் கிளம்புகிற கூலியாள். பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுவும், ஆறு கரும்புள்ளி வைத்த ஒருவகை இலைப்பேனும் பேனைத் தின்பவைதான். இலைப்பேன் என்றதும் மருந்தைத் தேடுகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவும்.

வால்பாறை உபாசி தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் இதே நியோசியுலஸைத் தேயிலைச் செம்பேனுக்கு எதிராக ஆராய்ந்திருக்கிறார்கள். தோட்ட முதலாளிகளுக்கு இதில் அக்கறை வரக் காரணம் கருணை இல்லை. தேயிலையில் மருந்து எச்சம் இருந்தால் ஐரோப்பிய வியாபாரி சரக்கைத் திருப்பி அனுப்புவான். கத்திரிக்காயைத் திருப்பி அனுப்ப நம் ஊரில் ஆள் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஐரோப்பாவில் இது வியாபாரமாகவே வளர்ந்துவிட்டது. 1950-களில் சிலி நாட்டிலிருந்து ஆர்க்கிட் செடிகளோடு ஜெர்மனிக்குத் தற்செயலாக வந்து சேர்ந்தது பைட்டோசியுலஸ் என்ற இரைவிழுங்கிப் பேன். நெதர்லாந்தில் யான் காப்பர்ட் என்ற வெள்ளரி விவசாயிக்குப் பூச்சிமருந்து உடம்புக்கு ஆகவில்லை. அவர் இந்தப் பேனை வளர்த்துத் தன் கண்ணாடிக் கூடாரத்தில் விட்டார், 1967-ல் அதையே தொழிலாகத் தொடங்கினார். கேட்டதும் நமக்கும் ஒரு பாட்டில் வரவழைக்கலாமா என்று தோன்றும். வேண்டாம். ஈரப்பதம் நிறைந்த, மிதமான சூட்டில் வாழ்கிற உயிர் அது. வேலூர் மே மாதத்தை அது தாங்காது.

வெளியிலிருந்து கொண்டுவந்து வென்ற கதையும் தமிழ்நாட்டில் உண்டு. 2008-ல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டியது; பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாம் வெள்ளையடித்தாற்போல் ஆயின. என்ன அடித்தும் அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரீக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைப் பெங்களூருவில் உள்ள பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் தருவித்து, வேளாண் பல்கலைக்கழகமும் பட்டு வளர்ப்புத் துறையும் பெருக்கி விட்டன. ஓரிரு ஆண்டில் பூச்சி அடங்கியது. உங்களில் பட்டுப்புழு வளர்த்தவர்கள் கண்ணால் பார்த்தது. அங்கே பகையும் வெளியூர், காவலும் வெளியூர். செம்பேனுக்கு அந்தச் செலவுகூட வேண்டாம். அதன் எதிரிகள் உங்கள் வரப்பிலேயே இருக்கின்றன.

வரப்பில் இருப்பதை வயலுக்குள் எப்படி வரவழைப்பது? சுற்றிலும் இரண்டு வரிசை மக்காச்சோளம் நெருக்கமாகப் போடுங்கள். தூசி தடுக்கும், மகரந்தம் நன்மை செய்யும் பூச்சிகளுக்குத் தீனி. மருந்து அடிக்காத வெண்டைப் பாத்தியோ ஆமணக்குச் செடியோ இருந்தால் அதன் இலையை லென்சில் பாருங்கள். ஓடுகிற ஆட்கள் தெரிந்தால் அந்த இலைகளைப் பறித்து, காலை வெயிலுக்கு முன், செம்பேன் தொடங்கியிருக்கிற கத்திரி இலைகளின் மேல் வைத்துவிடுங்கள். ஐரோப்பியக் கம்பெனி பாட்டிலில் அடைத்து விற்பதைத்தான் நீங்கள் இலையில் சுமக்கிறீர்கள். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒருமுறை போய்க் காட்டினால் அடையாளம் உறுதிப்படும்.

புழுவுக்கு என்ன செய்வது என்று முன்வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது. அதைச் சரிசெய்யாமல் பேனைச் சரிசெய்ய முடியாது, ஒப்புக்கொள்கிறேன். வாடித் தொங்குகிற தண்டு நுனியைக் கிள்ளி அழியுங்கள், வயலிலேயே போடாதீர்கள். ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி. மருந்து தேவைப்பட்டால், காய்ப்புக்கு முன்பே, குளோரான்ட்ரானிலிப்ரோல் போல இரைவிழுங்கிகளுக்கு அதிகக் கெடுதல் செய்யாததைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் அதன் காத்திருப்புக் காலம் நீண்டது. வாரம் இருமுறை காய் பறிக்கிற வயலுக்கு அது ஆகாது. அட்டையைப் படிக்காமல் அடிக்கக்கூடாது.

அட்டை என்றதும் முக்கோணம் பற்றிச் சொல்லவேண்டும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. பச்சை முக்கோணம் என்றால் சாதுவான மருந்து என்று கடைக்காரர் சொல்வார். அந்த நிறம் சொல்வது வாய் வழியாகவோ தோல் வழியாகவோ உள்ளே போனால் எவ்வளவு நஞ்சு என்பதை மட்டும்தான். பொறிவண்டுக்கு அது எப்படி என்று முக்கோணம் பேசாது. பாதுகாப்பான மருந்து என்று யாராவது சொன்னால், யாருக்குப் பாதுகாப்பு என்று கேளுங்கள்.

செம்பேனுக்கென்றே நாம் வெகுகாலம் நம்பியிருந்தது டைகோஃபால். டி.டி.டி.யிலிருந்து தயாரிக்கப்பட்டது. 2019-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அதை உலகளவில் ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. 2023-ல் இந்திய அரசும் தடை ஆணை போட்டது. பழைய இருப்பு யாரிடமாவது இருந்தால் தீர்த்துவிடலாம் என்று அடிக்காதீர்கள். மோனோகுரோட்டோபாஸ் காய்கறிகளில் 2005 முதலே கூடாது; அது பேனுக்கும் கேக்காது.

இனி மிச்சமிருப்பவற்றில் என் வரிசை இப்படி. ஆரம்பத்தில், பத்துச் செடியில் மட்டும் தெரிகிறபோது, அடி இலைகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, தண்ணீரை வேகமாக இலையின் அடியில் பீச்சுங்கள். நூலாம்படை கிழிந்தாலே பாதி வேலை முடியும். உப்புக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், இலை கருகும். அடுத்து வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம்: 5 கிலோ பருப்பை இடித்து, இரவு ஊறவைத்து, வடிகட்டி 100 லிட்டராக்கி, காதி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் அடியுங்கள். வேம்பு நன்மை செய்பவற்றை ஒன்றும் செய்யாது என்று சொல்லமாட்டேன். பைரித்திராய்டோடு ஒப்பிட்டால் சேதம் வெகு குறைவு. நனையும் கந்தகம் பழைய மருந்து, மலிவானது. அதற்கு எதிர்ப்புச் சக்தி எளிதில் வராது. ஆனால் நம் கோடையில் பகல் சூட்டில் அடித்தால் இலை வெந்துபோகும், எண்ணெய் மருந்து அடித்த இரண்டு வாரத்துக்குள் அடித்தாலும் அதே கதி. தை, மாசியோடு கந்தகத்தை நிறுத்திக்கொள்ளுங்கள்.

இவையெல்லாம் மீறிப் போனால் ஸ்பைரோமெசிஃபென் போல பேனுக்கென்றே உள்ள மருந்து, ஒரே ஒரு முறை. அது முட்டையையும் குஞ்சையும் தாக்கும், வளர்ந்த பேன் உடனே சாகாது. மூன்றாம் நாள் போய்ப் பார்த்துவிட்டு "மருந்து கேக்கல" என்று வேறொன்றை வாங்கி அடிப்பதால்தான் கடைக்காரர் வீடு மாடியாகிறது. ஒரு வாரம் பொறுங்கள். அடுத்த முறை தேவைப்பட்டால் வேறு தொகுதி மருந்தாக இருக்க வேண்டும். வேறு பெயர் போதாது, பல பெயர்களில் ஒரே மருந்துதான் விற்கிறது. நாலு மருந்தை ஒரே டேங்கில் கலக்கி, மேலே டானிக் ஊற்றுகிற வழக்கத்துக்கு என்னிடம் நல்ல வார்த்தை எதுவும் இல்லை.

இதெல்லாம் செய்தால் பேன் அடியோடு ஒழியுமா? ஒழியாது. ஒழியவும் கூடாது, பேன் அற்றுப்போன வயலில் காவல்காரன் பட்டினி கிடந்து வேறெங்காவது போய்விடுவான். அடி இலையில் கொஞ்சம் வெள்ளைப் புள்ளி இருப்பதால் காய் குறைந்துவிடாது. பக்கத்து வயல்காரர் கேலி செய்வார், நிலத்துக்காரர் குத்தகைக்காரரைத் திட்டுவார், அதுதான் பெரிய தடை. ஊரில் நாலுபேர் சேர்ந்து பக்கத்துப் பக்கத்து வயல்களில் ஒரே பருவத்தில் தொடங்கினால் திட்டு நாலாகப் பங்காகும். கம்பெனிக்குப் போகிற பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அன்று அரை நாள் கூலி கொடுத்து, லென்ஸைக் கையில் தந்து, வயலைச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு டேங்க் அடியைத் தவிர்த்தாலே அந்தக் கூலிக்கு ஆகும்.

கேள்விகளுக்கு நேரம் வைத்திருக்கிறார்கள். இலை பறித்துக்கொண்டு வந்தவர்கள் மேசைக்கு வாருங்கள். அங்கே ஆறு லென்ஸ் இருக்கிறது. பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்து வந்தவர்கள் முதலில் பையின் முடிச்சை அவிழ்த்துவிடுங்கள். வியர்த்து நனைந்த இலையில் எது மேய்கிறது, எது ஓடுகிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.